பொன் இருந்தது, விறகு இல்லை

பொன் தேடிய ஊர்கள் – 7

போடி என்றதும் தேனிப் பக்கத்து ஏலக்காய் ஊர் நினைவுக்கு வந்தால் தவறில்லை, எனக்கும் வந்தது. இந்தப் போடி கலிபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லையை ஒட்டி, 8,379 அடி உயரத்தில் இருக்கிறது. 395ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து 13 மைல் போகவேண்டும். கடைசி 3 மைல் மண்சாலை. வண்டியின் ஒவ்வொரு திருகாணியும் தனித்தனியே பேசும். பெட்ரோலும் சாப்பாடும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே ஒன்றும் கிடைக்காது.

வழியில் மரமே தென்படவில்லை, புதர்கள்தான். மேடு ஏறி இறங்கியதும் பள்ளத்தில் ஊர் தெரிகிறது. அத்தனை வீடும் மரத்தால் கட்டியவை!

1859ல் இங்கே பொன்னைக் கண்டவர், தன் பெயரை ஊருக்கு விட்டுவிட்டு, சில மாதங்களிலேயே பனிப்புயலில் சிக்கி இறந்தார். 1876ல் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் சுரங்கத்தில் வளமான தாது தட்டுப்பட, நான்கே ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். சாராயக் கடை, துப்பாக்கிச் சண்டையெல்லாம் எல்லாப் பொன்னூருக்கும் பொது, விட்டுவிடலாம். விறகுக் கதைதான் போடிக்கே உரியது.

தாதுக்கல்லை இடிக்கும் ஆலைகள் நீராவியில் ஓடின. கொதிகலனுக்கு விறகு வேண்டும். சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுக்க மரம் வேண்டும். குளிர்காலம் முழுக்க அடுப்பு அணையக் கூடாது. எனவே 1881ல், மோனோ ஏரிக்குத் தெற்கேயுள்ள பைன் காட்டிலிருந்து 32 மைலுக்கு ரயில் பாதை போட்டார்கள். வேறெந்த ரயில் பாதையோடும் அது சேரவே இல்லை. மரம் சுமக்க மட்டுமே ஒரு ரயில்.

அந்தப் பாதை போட வந்த சீனத் தொழிலாளர்களை விரட்ட, போடியின் சுரங்கத் தொழிலாளர்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். ரயில் கம்பெனி முந்திக்கொண்டு சீனர்களை ஏரி நடுவிலுள்ள பாவோஹா தீவில் இறக்கிவிட்டது. வந்த கூட்டம் வெறுங்கையோடு திரும்பியது. தங்கள் வீட்டு அடுப்புக்கும் விறகு வரப்போகிற பாதை அதுதான் என்பது கோபத்தில் யாருக்கும் உறைக்கவில்லை போலும்.

மர ஊரைத் தீ விடுமா? 1892ல் ஒருமுறை, 1932ல் மறுமுறை. இன்று எஞ்சியவை நூற்றுச் சொச்சம் கட்டடங்கள். 1962ல் மாநில அரசு இதை வரலாற்றுப் பூங்காவாக்கியது. புதுப்பிப்பதில்லை, விழவிடுவதும் இல்லை. கூரை ஒழுகினால் அடைப்பார்கள், சுவர் சாய்ந்தால் முட்டுக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். தூசி படிந்த கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால், கடை அலமாரியில் டப்பாக்கள் விலைபோகாமல் காத்திருக்கின்றன.

ஊருக்கு மேலே சரிவில் ஸ்டாண்டர்ட் ஆலை நிற்கிறது. விறகுச் செலவு கட்டுப்படியாகாமல், 1892-93ல் 13 மைலுக்கு அப்பால் கிரீன் கிரீக் ஓடைநீரில் மின்சாரம் எடுத்துக் கம்பிவழியே இங்கே கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் அது துணிச்சலான காரியம். வளைவு வைத்தால் மின்சாரம் திரும்பத் தெரியாமல் நேரே பாய்ந்துவிடும் என்று பயந்து, கம்பங்களை ஒரே நேர்க்கோட்டில் நட்டார்களாம். கதைதான், ஆனால் சொல்பவர்கள் ரசித்துச் சொல்கிறார்கள்.

பத்தாண்டு கழிவதற்குள், 1902ல், சிவசமுத்திரத்தில் விழும் காவிரியின் மின்சாரம் 90 மைலுக்கு மேல் கம்பியில் பயணம் செய்து இன்னொரு பொன்னூருக்குப் போய்ச் சேர்ந்தது. கோலார் தங்கவயல். அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பலர் வடார்க்காட்டுத் தமிழர்கள்.

(தொடரும்)