சால்ட் லேக் மனையும் உயிலின் ஆயுளும்

கொல்கத்தாவின் கிழக்கே கிடந்த உவர்ச் சதுப்பில் 1962-இல் ஹூக்ளி ஆற்று வண்டலைக் கொட்டி மேடாக்கத் தொடங்கினார்கள். முதல்வர் பிதான் சந்திர ராயின் கனவான சால்ட் லேக் இப்படித்தான் உருவானது. மனைகளை அரசு விற்கவில்லை; 999 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஆனால் அந்த மனை யாருக்கு என்று சொல்லும் உயிலோ ஒரு தலைமுறைகூடத் தாங்குவதில்லை. எழுதியவர் இருக்கும்போதே சட்டமும் குடும்பமும் மாறிவிடுகின்றன. வங்கத்தின் சொத்துரிமை வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

தாயபாகத்தின் வழி

இந்துச் சட்டத்தின் இரு மரபுகளுள் மிதாட்சரம் வழங்கிய தமிழகத்தில் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. ஜீமூதவாகனரின் தாயபாகம் வழங்கிய வங்கத்தில் தந்தை கண்மூடும்வரை சொத்து முழுதும் அவருடையதே. முழு உரிமை உள்ளவர்தான் முழுவதையும் எழுதிவைக்க முடியும். உயில் அங்கே வேர்பிடிக்க இது இடம் கொடுத்தது.

சட்டம் அறிந்தவர்களும் உயில் எழுதுவதில் சறுக்கினார்கள். வழக்கறிஞரான பிரசன்ன குமார் தாகூர், கிறித்தவரான மகன் ஞானேந்திரமோகனை ஒதுக்கிவிட்டு, சகோதரர் மகன் ஜதீந்திரமோகனுக்கும் அவருக்குப் பின் பிறக்கப்போகும் சந்ததிக்கும் எழுதிவைத்தார். பிறவாதவருக்கு எழுதியது செல்லாது என்று 1872-இல் அக்கால உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்தது. அந்தத் தடையைப் பின்னர் 1916-ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தியது.

இடம் மாறினால் விதியும் மாறும்

1870-இன் இந்து உயில் சட்டம் வங்கத்துக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டுமே பொருந்தியது. 1925-இன் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் அந்த எல்லையைத் தொடர்ந்தது. மதுரையில் இருந்துகொண்டு மதுரை வீட்டுக்கு எழுதிய உயிலுக்குப் புரோபேட் (உயிலை நீதிமன்றம் மெய்ப்பிக்கும் சான்று) கட்டாயமில்லை. அதே மனிதர் சால்ட் லேக் வீட்டைச் சேர்த்து எழுதினால் நீதிமன்றம் ஏறியாக வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது.

1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மனைவி, மகன், மகளோடு தாய்க்கும் சம பங்கு உண்டு. பல வீடுகளில் தாயின் பங்கை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே தந்தது. மிதாட்சரக் குடும்பங்களுக்கு நாடு முழுவதும் அது 2005-இல் வந்தது. குத்தகை விதியும் இப்படியே மாறியது: சால்ட் லேக் மனையை வெளியாருக்குக் கைமாற்ற 2012-இல்தான் மாநில அரசு வழிவிட்டது. அப்போது கட்டா என்னும் நில அளவுக்கு 5 லட்சம் ரூபாய் கட்டணம்.

நாமினி வாரிசு அல்ல

சால்ட் லேக்கின் கூட்டுறவுக் குடியிருப்பு ஒன்றில் ஒரு தந்தை, மணமான மகளை நாமினியாகப் பதிவு செய்திருந்தார். சங்கம் நாமினி பெயருக்கே ஃப்ளாட்டை மாற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் மற்றவர்கள் வாரிசுரிமை கோரும் வழியை அது அடைக்கவில்லை. ஒரு தெளிவான உயிலால் தீர்ந்திருக்கக்கூடிய விஷயம் இரண்டு வழக்குகளுக்கு இடம் கொடுத்தது.

பீரோவைத் திறந்து மூன்று காகிதங்களை அருகருகே வையுங்கள்: குத்தகைப் பத்திரம், நாமினி படிவம், உயில். மூன்றிலும் பெயர்கள் பொருந்துகின்றனவா? சாட்சிகள் இருவரும் உயிரோடு இருக்கிறார்களா? பிறப்பு, திருமணம், மரணம், சட்டத்திருத்தம் என எது நேர்ந்தாலும் இந்தக் கேள்விகளை மறுபடி கேளுங்கள். பொருந்தாவிட்டால், முந்தைய உயில்களை ரத்து செய்வதாகச் சொல்லி இரு சாட்சிகள் முன் புதிதாக எழுதுங்கள். பிள்ளைகள் நீதிமன்றப் படியேறாமல் காக்க, பெற்றவர் உயிரோடு இருக்கும்போதே செய்யக்கூடிய வேலை இது.