கரிப்பெட்டியும் திருவண்ணாமலையின் சூரிய இஸ்திரி வண்டியும்

சூரிய இஸ்திரி வண்டி என்பது, தெருவோரத்தில் துணி தேய்ப்பவர்கள் கரிப்பெட்டிக்கு மாற்றாகப் பயன்படுத்தும் நோக்கில், திருவண்ணாமலையைச் சேர்ந்த பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் வடிவமைத்த வண்டியாகும். கூரையில் பொருத்திய சூரியத் தகடுகள் மின்கலத்தில் மின்சாரத்தைச் சேமிக்கின்றன. அந்த மின்சாரத்தில் தேய்ப்புப் பெட்டி சூடேறுகிறது. 2019 முதல் 2021 வரை இந்த வடிவமைப்பு இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் பரிசுகளும் கவனமும் பெற்றது. இதன் அருமை புரிய வேண்டுமானால், இது எதற்கு மாற்றாக வந்ததோ அந்தக் கரிப்பெட்டியின் கதையை முதலில் பார்க்க வேண்டும்.

வெளுப்பும் தேய்ப்பும்

தமிழகத்தில் துணி வெளுக்கும் தொழில் மிகப் பழமையானது. சங்கப் பாடல்களில் துணி துவைக்கும் பெண் ‘புலைத்தி’ எனப்படுகிறாள். அவள் ஆடைக்குக் கஞ்சிப் பசை இடுவதைக் குறுந்தொகை குறிப்பிடுகிறது. பிற்கால நூல்களில் ‘ஏகாலி’, ‘ஈரங்கொல்லி’ ஆகிய சொற்கள் வருகின்றன. ஈரத்தைக் கொல்பவர் என்று ஒரு தொழிலுக்குப் பெயர் வைத்த மொழியில், துணி உலர்வது எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

பெரியபுராணம் கூறும் காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்ட நாயனாரின் கதை இந்தக் காரியத்தை மையமாகக் கொண்டது. குளிரில் நடுங்கும் முதியவர் ஒருவரின் அழுக்குக் கந்தையை, மாலைக்குள் வெளுத்து உலர்த்தித் தருவதாக அவர் வாக்களிக்கிறார். துவைத்து முடித்ததும் மழை பிடித்துக்கொள்கிறது. பொழுது சாய்ந்தும் மழை விடவில்லை. சொன்ன சொல் தவறிய துயரில் துவைக்கும் கல்லில் தலையை மோதிக்கொள்ளத் துணிகிறார். பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், வெயிலை நம்பிப் பிழைத்த ஒரு தொழிலாளியின் கவலை அந்தக் கதையில் அப்படியே இருக்கிறது.

வெளுப்புத் தொழிலுக்கென்று தனிக் கருவிகளும் நுட்பங்களும் இருந்தன. உவர்மண் கரைசலில் ஊறவைத்த துணிகளை அடுக்கி ஆவியில் வேகவைப்பது வெள்ளாவி. வீட்டுக்கு வீடு துணி மாறாமலிருக்கச் சேங்கொட்டைச் சாற்றால் இடும் அடையாளம் வண்ணான் குறி. எத்தனை முறை துவைத்தாலும் அது அழியாது. கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுப்பவர்கள் குடியேறிய பகுதியே சென்னையின் வண்ணாரப்பேட்டை. வேட்டி, சேலை போன்ற தைக்காத ஆடைகளுக்குக் கஞ்சியிட்டு, உதறி, இழுத்து மடித்தாலே பெரும்பாலும் போதும். தைத்த சட்டையும் கால்சட்டையும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கட்டாயமான பிறகுதான் தேய்ப்புக்கு அன்றாடத் தேவை வந்தது.

இஸ்திரி என்ற சொல், இழுத்து நீட்டுதல் என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. தமிழ்நாடு அரசு ஆவணங்களில் இக்கருவிக்கு வழங்கும் பெயர் ‘தேய்ப்புப் பெட்டி’. கேட்ட உடனே விளங்கும் நல்ல சொல் அது.

கரிப்பெட்டி

நெருப்புக் கங்குகள் இட்ட உலோகப் பாத்திரத்தால் பட்டுத் துணியை அழுத்தித் தேய்க்கும் வழக்கம் பண்டைய சீனத்தில் இருந்தது. தமிழகத் தெருக்களில் காணப்படும் கரிப்பெட்டியும் அடிப்படையில் அதே கருவிதான். இரும்பு அல்லது பித்தளையால் ஆன கூர்மூக்குப் பெட்டி, மேலே திறந்து மூடும் மூடி, அதைப் பூட்ட ஒரு கொண்டி, பக்கவாட்டில் காற்றுத் துளைகள், மேலே மரக் கைப்பிடி. வெறும் பெட்டியே பல கிலோ எடை இருக்கும். எடை இங்கே குறையன்று. துணியின் மடிப்பை நிமிர்த்தும் வேலையில் பாதியை அந்த எடையே செய்துவிடும்.

வேலை தொடங்குமுன் கரியைப் பற்றவைத்து விசிற வேண்டும். தணல் பிடித்த பிறகுதான் முதல் துணி. சூடு கூடிவிட்டதா என்று தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள். அடிப்பகுதி வழுக்கிச் செல்வதற்காக வாழையிலையின் மேல் ஓட்டுவதும் உண்டு. காற்றடித்தால் ஒரு பொறி பறந்து வந்து சட்டையில் பொத்தல் விழும். அதன் விலை அன்றைய கூலியைவிட அதிகமாக இருக்கலாம்.

கரி இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று கொட்டாங்குச்சிக் கரி. மற்றொன்று மூட்டக் கரி. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, காற்றைக் கட்டுப்படுத்தி எரித்து மூட்டக் கரி தயாராகிறது. மரபான கரிமூட்டத்தில் ஒரு கிலோ கரிக்கு நான்கைந்து கிலோ விறகாவது வேண்டும். சரியாக மூட்டம் போடாவிட்டால் இன்னும் கூடுதலாகும்.

கரி எரியும்போது நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடும் வெளிப்படுகின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தில் உயிர்வளி ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். நாள் முழுதும் பெட்டியின் மேல் குனிந்து நிற்பவர் அதைத்தான் சுவாசிக்கிறார்.

கருவி ஏன் மாறவில்லை

துணி துவைப்பதும் தேய்ப்பதும் சார்ந்த பொருள்களைச் செம்மைப்படுத்தும் முயற்சிகள் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஏராளமாக நடந்தன. கொடியில் காயும் துணி காற்றில் பறக்காமலிருக்க நாம் மாட்டும் கிளிப்பையே எடுத்துக்கொள்ளலாம். வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் எம். ஸ்மித் 1853இல் வில் வைத்த மரக் கிளிப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதே மாநிலத்தைச் சேர்ந்த சோலன் மூர் 1887இல் ஒரே கம்பியைச் சுருட்டி வில்லாக்கி அதை எளிமைப்படுத்தினார். இன்று நம் மொட்டைமாடிகளில் இருக்கும் கிளிப்பின் அமைப்பு ஏறத்தாழ அதுவே. 1852க்கும் 1887க்கும் இடையில் இந்தச் சிறு பொருளுக்கு மட்டும் அங்கே 146 காப்புரிமைகள் வழங்கப்பட்டன.

தேய்ப்புப் பெட்டியும் அப்படியே. அயோவா மாநிலத்தைச் சேர்ந்த மேரி புளோரன்ஸ் பாட்ஸ் என்ற இளம்பெண், கை சுடாமல் கழற்றி மாட்டக்கூடிய மரக் கைப்பிடி கொண்ட பெட்டிக்கு 1871இல் காப்புரிமை பெற்றார். நியூயார்க்கின் ஹென்றி சீலி 1882 ஜூன் 6 அன்று மின் தேய்ப்புப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார்.

ஆனால் அந்த மின்பெட்டி வீட்டுக்குள் வந்ததே தவிர, தெருவோரத் தள்ளுவண்டிக்கு வரவில்லை. வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டிக்கு மின் இணைப்பு ஏது? அருகிலுள்ள வீட்டிலோ கடையிலோ ஒரு கம்பி இழுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தவர்கள் மின்பெட்டிக்கு மாறினர். மற்றவர்கள் கரியிலேயே தங்கினர். இன்னொரு காரணமும் உண்டு. மேல்நாட்டில் இந்தக் கருவிகளைப் பயன்படுத்தியவர்கள் அவற்றைக் கடையில் வாங்கும் இல்லத்தரசிகள், எனவே உற்பத்தியாளர்கள் அவர்களுக்காகப் போட்டியிட்டனர். இங்கே அந்த வேலையைச் செய்தவர்கள் சாதியால் ஒதுக்கப்பட்டு, அன்றாடக் கூலியில் வாழ்ந்த மக்கள். அவர்களுடைய கருவியைச் செம்மைப்படுத்தினால் இலாபம் வரும் என்று எந்த ஆலையும் கணக்குப் போடவில்லை.

திருவண்ணாமலையில் பிறந்த எண்ணம்

திருவண்ணாமலை, பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்குரியது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் கார்த்திகைத் தீபமும் ஆண்டு முழுவதும் மக்களை இழுக்கின்றன. விடுதிகளும் ஆசிரமங்களும் நிறைந்த ஊரில் துணி வெளுப்பவர்க்கும் தேய்ப்பவர்க்கும் வேலை உண்டு.

வினிஷா உமாசங்கர் அப்போது இவ்வூர் எஸ்.கே.பி. வனிதா பன்னாட்டுப் பள்ளியின் மாணவியாக இருந்தார். தன் பகுதியில் துணி தேய்ப்பவர் ஒருவர், எரிந்து முடிந்த கரியைத் தெருவோரத்தில் கொட்டுவதை அவர் கவனித்தார். அப்போது அவருக்கு வயது 12. இந்தக் காட்சியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. அதைப் பார்த்து, இந்தக் கரி எங்கிருந்து வருகிறது, எரிந்தால் என்ன ஆகிறது என்று படிக்கத் தொடங்கியதுதான் வேறுபாடு. இந்தியாவில் ஒரு கோடி இஸ்திரி வண்டிகள் இருக்கலாம், ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 5 கிலோ கரி எரிக்கலாம் என்பது அவர் முன்வைத்த மதிப்பீடு.

அவர் வரைந்த வடிவமைப்பை 2019இல் காந்திநகரைச் சேர்ந்த தேசியப் புத்தாக்க நிறுவனம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் இக்னைட் விருதுக்குத் தேர்ந்தெடுத்தது. பள்ளி மாணவர்களின் புதிய எண்ணங்களுக்காக வழங்கப்படும் விருது இது. காகிதத்தில் இருந்ததை முன்மாதிரி வண்டியாக உருவாக்கவும் அந்நிறுவனம் துணை நின்றது.

வண்டியின் அமைப்பும் கணக்கும்

வெளியான விவரங்களின்படி, வண்டியில் 250 வாட் சூரியத் தகடுகளும் 100 ஆம்பியர்-மணி மின்கலமும் நீராவித் தேய்ப்புப் பெட்டியும் உள்ளன. நல்ல வெயிலில் 5 மணி நேரம் மின்னேற்றினால் 6 மணி நேரம் தேய்க்கலாம். வெயில் இல்லாத நாளில் முன்பே மின்னேற்றிய மின்கலத்தையோ வீட்டு மின்சாரத்தையோ டீசல் மின்னாக்கியையோ பயன்படுத்தலாம். கைப்பேசிக்கு மின்னேற்றிக் கொடுத்து, அதில் கூடுதலாகச் சிறிது சம்பாதிக்கவும் வழி செய்யப்பட்டுள்ளது.

இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 250 வாட் தகடு ஒன்று 5 மணி நேர முழு வெயிலில் தருவது 1.25 யூனிட். 1000 வாட் தேய்ப்புப் பெட்டி ஓயாமல் எரிந்தால் அதை ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்த்துவிடும். பெட்டி ஓயாமல் எரிவதில்லை. வேண்டிய சூடு வந்ததும் அதிலுள்ள வெப்பக் கட்டுப்படுத்தி மின்சாரத்தை நிறுத்தி, ஆறியதும் மீண்டும் செலுத்துகிறது. அப்படியிருந்தும், விளக்கையோ விசிறியையோ சூரிய மின்சாரத்தில் இயக்குவதைவிடச் சூடேற்றும் கருவியை இயக்குவது மிகக் கடினம். தகடுகளின் எண்ணிக்கை, மின்கலத்தின் கொள்ளளவு, தேய்ப்பவரின் வேகம் எல்லாம் சேர்ந்தே ஒரு நாள் வேலையைத் தீர்மானிக்கும்.

கரியின் பக்கத்துக் கணக்கு இன்னும் வியப்பானது. ஒரு கிலோ நல்ல கரியில் ஏறத்தாழ 8 யூனிட் வெப்பம் அடங்கியுள்ளது. 5 கிலோ என்றால் 40 யூனிட். ஒரு நாள் தேய்ப்புக்குச் சில யூனிட் போதும். மீதியெல்லாம் காற்றுத் துளை வழியாகவும், துணி வராமல் பெட்டி சும்மா கனன்றுகொண்டிருக்கும் நேரத்திலும் வீணாகிறது. கரிப்பெட்டியை அணைத்து அணைத்து எரிக்க முடியாது என்பதே அதன் பெரிய குறை.

சூரிய வண்டிக்கும் தனக்குரிய சிக்கல்கள் உண்டு. தேய்ப்பவர் மர நிழலைத் தேடுவார், தகடோ வெயிலைத் தேடும். கூரையே நிழல் தருவதால் இது ஓரளவு சரியாகிறது. திருவண்ணாமலையின் சித்திரை வெயிலில் தகடு மிகவும் சூடாகி, 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு திறனை இழக்கும். தீபம் ஏற்றும் கார்த்திகையோ வடகிழக்குப் பருவமழைக் காலம். திருக்குறிப்புத் தொண்டரை வாட்டிய அதே மேகம் சூரிய வண்டியையும் நிறுத்திவிடும். மாற்று மின்வழிகள் வடிவமைப்பிலேயே சேர்க்கப்பட்டிருப்பது அதனால்தான். விலை மற்றொரு தடை. தகடு, மின்கலம், வண்டி எல்லாம் சேர்ந்த முதலீட்டை அன்றாடக் கூலியில் வாழ்பவர் கடனோ மானியமோ இல்லாமல் போட முடியாது. எரிபொருள் செலவு மிச்சமாவது உண்மை, ஆனால் அந்த மிச்சம் மெல்லத்தான் சேரும். மின்கலத்தையும் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும்.

கிளாஸ்கோ வரை

2020 நவம்பரில் சுவீடனின் சிறுவர் காலநிலைப் பரிசு வினிஷாவுக்கு வழங்கப்பட்டது. பரிசுத் தொகை ஒரு லட்சம் சுவீடன் குரோனா. 2021இல் இந்திய அரசின் பிரதம மந்திரி ராஷ்டிரிய பால புரஸ்கார் கிடைத்தது. அதே ஆண்டு, பிரித்தானிய இளவரசர் வில்லியம் தொடங்கிய எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வான 15 பேரில், தூய காற்றுப் பிரிவில் இடம்பெற்றார். அப்பிரிவில் வென்றதும் ஓர் இந்திய முயற்சியே. வித்யுத் மோகனின் டக்காச்சார், வயலில் கொளுத்தப்படும் பயிர்க் கழிவை எரிபொருளாகவும் உரமாகவும் மாற்றும் இயந்திரத்தை உருவாக்கியது. கரியை ஒழிக்க வந்த வண்டியும், கழிவைக் கரியாக்கிப் புகையைக் குறைக்க வந்த இயந்திரமும் ஒரே பிரிவில் நின்றது சுவையான செய்தி.

2021 நவம்பர் 2 அன்று, கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், தூய தொழில்நுட்பம் பற்றிய கூட்டத்தில் இளவரசர் வில்லியமின் அழைப்பின்பேரில் வினிஷா பேசினார். பிரதமர் நரேந்திர மோதி உள்ளிட்ட தலைவர்கள் அவையில் இருந்தனர். வெற்று வாக்குறுதிகளால் தம் தலைமுறையினர் பலர் சினத்தோடு இருப்பதாகவும், தமக்கோ சினம் கொள்ள நேரமில்லை, செயல்படவே விருப்பம் என்றும் அவர் கூறினார்.

இன்றைய தெரு

தமிழ்நாட்டில் துணி வெளுப்பவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விலையில்லாத் தேய்ப்புப் பெட்டிகளை வழங்கிவருகிறது. முன்பு பித்தளைப் பெட்டி வழங்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் சமையல் எரிவாயுவில் இயங்கும் பெட்டியும் வழங்கப்படுகிறது. சிலிண்டரிலிருந்து ஒரு குழாய் வழியாக எரிவாயு பெட்டிக்குள் வந்து எரிகிறது. சாம்பல் இல்லை, பொறி இல்லை, விசிற வேண்டியதில்லை. வேண்டாதபோது நிறுத்தலாம். முதலீடும் சூரிய வண்டியைவிட மிகக் குறைவு. எனவே கரியைத் தெருவிலிருந்து வெளியேற்றும் வேலையை இப்போதைக்கு அதிகம் செய்வது எரிவாயுதான். ஆனால் அதற்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வரும்வரை, பரணில் கிடக்கும் பழைய கரிப்பெட்டியை இறக்கித் துடைத்துக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.