பகிர்வுக் கார்: சுங்கைப் பட்டாணியில் எங்கே நிறுத்தினால் மக்களுக்குப் பயன்?

ஒரு காரைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் முறைதான் கார் பகிர்வு. கைப்பேசிச் செயலியில் பதிவு செய்து, அதிலேயே கதவைத் திறந்து, மணிக்கணக்கில் வாடகை கட்டி, வேலை முடிந்ததும் விட்டுவிடலாம். மலேசியாவில் கோகார், சோக்கார் போன்ற நிறுவனங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைப் பழக்கப்படுத்தின. சோக்கார் இங்கு வந்தது 2018இல். ஆனால் இந்த யோசனை புதிதல்ல. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் 1948இலேயே ஒரு கூட்டுறவுக் குழு இதைத் தொடங்கியது. சிங்கப்பூரில் 1997இல் வந்தது.

கெடாவின் பெரிய நகரமான சுங்கைப் பட்டாணிக்கு இது சரிப்படுமா? காரை எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே அதற்குப் பதில் சொல்ல முடியும்.

இடம் ஏன் அவ்வளவு முக்கியம்?

பெரும்பாலான சேவைகளில், எடுத்த இடத்திலேயே காரைத் திருப்பி விட வேண்டும். வீட்டிலிருந்து அந்த இடத்துக்கு ஐந்து நிமிடம், அதாவது சுமார் 400 மீட்டர் நடை என்றால் மக்கள் வருவார்கள். அதற்கு மேல் போனால், வடக்கு மாநில வெயிலில் யாரும் நடக்க மாட்டாங்க. "காரை எடுக்கவே இன்னொரு கார் வேணும்" என்ற நிலை வந்தால் சேவை படுத்துவிடும்.

ரயில் நிலையத்தில் நிறுத்தினால் போதுமா?

நல்ல தொடக்கம்தான். ஈப்போவுக்கும் பாடாங் பெசாருக்கும் இடையே 329 கிலோமீட்டர் இரட்டை மின்தடம் 2014இல் முழுமையானது. அதன்பின் இ.டி.எஸ். ரயிலும் கொமுட்டரும் சுங்கைப் பட்டாணியில் நிற்கின்றன. கோலாலம்பூரிலிருந்து வரும் பிள்ளைகள் இறங்கியதும் காரை எடுத்துக்கொண்டு பீடோங், செமிலிங், மெர்போக் பக்கம் போகலாம். செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும், மெர்போக்கில் யு.ஐ.டி.எம். வளாகமும் இருக்கின்றன.

ஆனால் ரயிலில் வருபவரின் தேவை பெரும்பாலும் வார இறுதியிலும் பெருநாள் காலத்திலும்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தக் கார் சும்மா கிடக்கும். அதனால் வெவ்வேறு நேரத்தில் தேவைப்படுகிற ஆட்கள் சேருகிற இடமாகத் தேர்ந்தெடுப்பதே கணக்கு. பகலில் அலுவலகம், கடை. மாலையில் தாமான் வீடுகள். வார இறுதியில் பயணிகள் என்று மூன்றும் நடை தூரத்தில் இருந்தால் ஒரே கார் நாள் முழுக்க ஓடும்.

இடத்தைப் பார்க்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

• சிக்னல்: செயலி வழியாகக் கதவு திறக்க வேண்டும். பேரங்காடியின் அடித்தள நிறுத்துமிடத்தில் சிக்னல் கிடைக்காவிட்டால் வாடிக்கையாளர் வெளியேவே நிற்பார்.
• நேரம்: இரவு 10 மணிக்குக் கேட்டைப் பூட்டும் இடம் வேண்டாம். அவசரத்துக்கு உதவாது.
• வெளிச்சம்: இரவில் தனியாக வரும் பெண் தயங்காமல் நடந்து வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும்.
• ஒதுக்கீடு: திரும்பி வரும்போது அந்தப் பெட்டியில் வேறொருவர் காரை நிறுத்தியிருந்தால் பெரிய தலைவலி. கோடும் பலகையும் தெளிவாக இருக்க வேண்டும்.
• வெள்ளம்: கனமழையில் தண்ணீர் தேங்கும் தாழ்வான இடங்களைத் தவிர்க்க வேண்டும்.
• அனுமதி: சாலையோரக் கட்டண நிறுத்துமிடம் என்றால் நகராண்மைக் கழகம், கடை, கோயில் நிலம் என்றால் அதன் நிர்வாகம், தோட்டம் என்றால் தோட்ட நிறுவனம்.

தோட்டத்து மக்களுக்கு என்ன கிடைக்கும்?

இங்கேதான் உண்மையான கேள்வி இருக்கிறது. மணிக்கூண்டைச் சுற்றியுள்ள கடைத்தெருவில் கிராப் கார் எளிதாகக் கிடைத்துவிடும். உள்ளே தள்ளியிருக்கும் தோட்டக் குடியிருப்பில், காலை 8 மணிக்கு சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையில் அப்பாயின்மென்ட் உள்ள ஒரு பாட்டிக்கு வண்டி கிடைப்பதுதான் கஷ்டம். லாபத்தை மட்டும் பார்க்கும் நிறுவனம் எல்லாக் கார்களையும் நகரத்திலேயே நிறுத்தும். அப்படிச் செய்தால், ஏற்கெனவே வசதி உள்ளவருக்கே இன்னொரு வசதி சேரும்.

ஜெர்மனியின் பிரேமன் நகரம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. 2003இல் பொதுப் போக்குவரத்து நிறுத்தங்களுக்குப் பக்கத்தில் பெரிய பகிர்வு மையங்களை அது அமைத்தது. பிறகு, குறுகலான குடியிருப்புத் தெருக்களில் இரண்டு மூன்று கார்கள் மட்டும் நிற்கும் சின்ன மையங்களைச் சேர்த்தது. சுங்கைப் பட்டாணியிலும் ரயில் நிலையத்தில் ஒரு பெரிய மையம், பீடோங் போன்ற சிறு பட்டணங்களிலும் தோட்ட முகப்பிலும் சின்ன மையங்கள் என்று பிரிக்கலாம். தமிழ்ப்பள்ளி, கோயில் போன்ற எல்லாரும் அறிந்த இடங்களுக்கு அருகே என்றால் தேடவும் வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஓட்டுநர் உரிமமோ வங்கி அட்டையோ திறன்பேசியோ இல்லாத முதியவருக்கு வாசலிலேயே கார் நின்றாலும் பயனில்லை. அவருக்காக ஓட்ட வீட்டில் ஒருவர் வேண்டும். இல்லையென்றால் பேருந்துதான் வேண்டும். பகிர்வுக் கார் பேருந்துக்குத் துணை, மாற்று அல்ல.

நம் காரை நாமே பகிரலாமா?

பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் கொடுப்பது வேறு, காசு வாங்கி வாடகைக்கு விடுவது வேறு. வாடகைக்கு என்றால் அதற்கான உரிமமும் அதற்கேற்ற காப்புறுதியும் தேவை. சாதாரணக் காப்புறுதியை நம்பி விட்டால், விபத்து நடந்த பிறகுதான் சிக்கல் தெரியும். முன்கூட்டியே காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

உங்கள் தாமானுக்கு இப்படி ஒரு சேவை வேண்டுமென்றால், முதலில் குடியிருப்பாளர் சங்கத்தில் ஒரு கணக்கு எடுங்கள்: யாருக்கு, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எங்கே போக கார் தேவைப்படுகிறது? அந்தப் பட்டியல் கையில் இருந்தால், நகராண்மைக் கழகத்திடமும் நிறுவனத்திடமும் பேசுவது சுலபம்.