பெரியப்பா சொன்ன கயேன்

எங்கள் வீட்டில் 'பட்டாம்பூச்சி' புத்தகமாக இல்லை, கட்டாக இருந்தது. குமுதத்தில் ரா.கி. ரங்கராஜன் மொழிபெயர்த்து எழுதிவந்த தொடரை அக்கா வாராவாரம் பிளேடால் கீறி எடுத்து, பழைய காலண்டர் அட்டைக்குள் வைத்துச் சாக்கு ஊசியால் தைத்திருந்தாள். பக்கத்தின் பின்புறம் பாதி ஜோக்கும் பாதி விளம்பரமும் இருக்கும். நடுவில் இரண்டு வாரம் கிடையாது. அடுத்த தெருவுக்கு இரவல் போன இதழ்கள் திரும்பவே இல்லை. அந்த இரண்டு வாரத்தில் கதையின் நாயகனான பிரெஞ்சுக் கைதி ஹென்றி ஷாரியர் எப்படித் தப்பித்திருப்பான் என்று நானும் தம்பியும் ஆளுக்கொரு கதை கட்டிச் சண்டை போட்டிருக்கிறோம்.

காரைக்காலில் வளர்ந்தவனுக்குப் பிரெஞ்சுப் பெயர்கள் புதிதல்ல. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு சொல்தாவாவது இருப்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறவர். என் பெரியப்பாவும் அப்படிப்பட்டவர்தான். ஐம்பதுகளின் கடைசியில் பிரெஞ்சு கயானாவில், கயேன் நகரில் இரண்டு வருஷம் இருந்தவர். அக்காவின் கட்டை அவர் தொட்டதில்லை. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்.

அதே கதையை வைத்து 1973இல் ஃபிராங்க்ளின் ஷாஃப்னர் எடுத்த 'பாப்பியோன்' படத்தை நாங்கள் பார்த்தது பல வருஷம் கழித்து, வாடகைக்கு எடுத்த டெக்கில். ஸ்டீவ் மக்வீன்தான் பாப்பியோன், அதாவது பட்டாம்பூச்சி. சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட கள்ளப் பத்திரக்காரன் தேகாவாக டஸ்டின் ஹாஃப்மன். தனிச்சிறையில் கரப்பான் பூச்சியைப் பிடித்துத் தின்கிற காட்சியில் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். கடைசியில் மக்வீன் தேங்காய் மூட்டையைத் தள்ளிவிட்டுப் பாறை உச்சியிலிருந்து கடலில் குதித்ததும் கூடமே கைதட்டியது. பெரியப்பா மட்டும் தட்டவில்லை.

"இவன் ஓடிப்போனான், சரி. தண்டனை முடிஞ்சவன் கதையை எவன்டா எடுத்தான்?" என்றார்.

'துப்லாஜ்' என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதல் முறை கேட்டேன். இரட்டிப்பு என்று அர்த்தம். கயானாவுக்கு நாடுகடத்தப்பட்ட பிரெஞ்சுக் கைதிகளுக்கான 1854ஆம் வருஷத்துச் சட்டம் அது. எட்டு வருஷத்துக்குக் குறைந்த தண்டனை பெற்றவன், அதை அனுபவித்து முடித்த பிறகு அதே அளவு காலம் கயானாவிலேயே இருக்க வேண்டும். எட்டு வருஷமோ அதற்கு மேலோ என்றால் ஆயுள் முழுக்க அங்கேதான். நீதிபதி ஏழு என்று சொன்னால் பதினான்கு. எட்டு என்று சொன்னால் சாகும்வரை. துப்லாஜ் முடிந்தாலும் கப்பல் காசு அவன் கையிலிருந்துதான் போக வேண்டும்.

எதற்காக இப்படி ஒரு சட்டம்? ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அந்த மண்ணில் வெள்ளைக்காரர்களைக் குடியேற்றும் முயற்சி 1763லேயே ஒரு முறை நடந்தது. கனடாவை இழந்த பிரான்ஸ், கூரூ கரையில் பன்னிரண்டாயிரம் பேர் வரை கொண்டுவந்து இறக்கியது. காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் பெரும்பகுதியினர் செத்தார்கள். எஞ்சியவர்கள் கொசு குறைவாக இருந்த எதிர்த் தீவுகளுக்கு ஓடினார்கள். உயிர் பிழைத்ததால் அவற்றுக்கு 'மீட்புத் தீவுகள்' என்று பெயர் வைத்தார்கள். ருவாயால், சான் ஜோசப், பிசாசுத் தீவு என்று மூன்று. பிற்பாடு உலகமே பயந்த இடம் அந்த மூன்றும்தான்.

1848இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களில் வேலைக்கு ஆளில்லை. 1852இல் கைதிக் கப்பல்கள் புறப்பட்டன. ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு வகைக் கப்பலும் அங்கே போனது. எங்கள் ஊர்த் துறைமுகத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கூலி ஒப்பந்தத்தில் ஏறியவர்கள் அதில் இருந்தார்கள். இந்தியாவிலிருந்து கயானாவுக்குப் போனவர்கள் மொத்தம் எட்டாயிரத்துக்கும் மேல். தங்கச் சுரங்கக் காடுகளில் அவர்கள் செத்து விழுந்த வேகத்தைப் பார்த்து, பிரிட்டிஷ் அரசே 1876இல் அந்தப் பயணத்துக்குத் தடை போட்டது. கைதிகளுக்காகத் தடை போட யாரும் இல்லை. சாவு மிதமிஞ்சிப் போனபோது, 1867 முதல் இருபது வருஷம் வெள்ளைக் கைதிகளை மட்டும் நியூ கலடோனியாவுக்குத் திருப்பிவிட்டு, அல்ஜீரியர்கள் முதலான காலனிக் கைதிகளைக் கயானாவுக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சாவிலும் நிறம் பார்த்திருக்கிறார்கள்.

எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 70,000 பேர் அங்கே அனுப்பப்பட்டார்கள். கப்பல் வந்து நின்ற இடம் மாரோனி ஆற்றங்கரையில் உள்ள சான் லோரான் ஊர். தப்பியோட முயன்று பிடிபட்டவர்களைச் சான் ஜோசப் தீவின் தனிக்கொட்டடிகளில் போட்டார்கள். மேலே கூரைக்குப் பதில் கம்பி, கம்பிக்கு மேலே காவலர் நடக்கும் பாதை, கீழே பேச்சுக்குத் தடை. ஷாஃப்னர் ஜமைக்காவில் செட் போட்டு எடுத்த படத்தில் இந்த மௌனம் நன்றாகவே வந்திருக்கிறது.

தேர்ந்த கைதி பணத்தைச் சிறு உலோகக் குழாயில் சுருட்டி ஆசனவாயில் ஒளித்து வைப்பான். அதற்கு அங்கே 'பிளான்' என்று பெயர். இதுவும் படத்தில் உண்டு. படத்தில் இல்லாதவன் 'லிபெரே', அதாவது விடுதலையானவன். அரசாங்கம் கைதிகளைக் காசில்லாமல் வேலை வாங்கும்போது, கூலி கொடுத்து லிபெரேயை எவன் வைத்துக்கொள்வான்? சோறும் கூரையும் கைதிக்காவது இருந்தன. இவன் சந்தைத் திண்ணையில் படுத்தான். 1923இல் அல்பேர் லோந்திரே என்ற பத்திரிகையாளர் நேரில் போய்ப் பார்த்து எழுதியபோது பிரான்ஸ் அதிர்ந்தது. பிறகு கயானாவிலேயே பிறந்த கறுப்பின வழக்கறிஞர் காஸ்தோன் மொன்னெர்வீல் பாராளுமன்றத்தில் விடாமல் வாதாடினார். 1938இல் கப்பல்கள் நின்றன. கடைசிக் கைதிகள் வெளியேற 1953 ஆயிற்று.

பெரியப்பா கேட்ட கதையை எழுதியவர் ஒருவர் இருந்தார் என்பது எனக்குப் பெரியப்பா இறந்த பிறகுதான் தெரிந்தது. ரெனே பெல்பெனுவா. தண்டனை முடிந்து 1934இல் லிபெரே ஆனார். அடுத்த வருஷமே ஒரு சின்னப் படகில் ஓடினார். விடுதலையானவன் தப்பி ஓட வேண்டியிருந்த தேசம் அது. வழியில் காட்டில் பட்டாம்பூச்சி பிடித்து விற்றுப் பிழைத்து, அமெரிக்கா போய்ச் சேர்ந்து, 1938இல் புத்தகம் போட்டார். நிஜப் பட்டாம்பூச்சிக்காரர் இவர்தான் என்பேன்.

ஷாரியர் அறுபது வயதைத் தாண்டி, கராகஸ் நகரில் உட்கார்ந்து, பள்ளிக்கூட நோட்டுகளில் எழுதியது 1969இல் வெளிவந்தது. சுயசரிதை என்று விற்றார்கள். அடுத்த வருஷமே அதைப் பிரித்து மேய்ந்து இரண்டு புத்தகங்கள் வந்துவிட்டன. மற்றவர்கள் அனுபவத்தையும் தன் கணக்கில் எழுதியிருக்கிறார், அரசியல் கைதிகளுக்கான பிசாசுத் தீவில் அவர் இருந்ததே இல்லை என்று காட்டினார்கள். அந்தத் தீவில் நிஜமாகவே அடைபட்டிருந்தவர் ஆல்ஃபிரட் திரைஃபுஸ், 1895 முதல் 1899 வரை, செய்யாத குற்றத்துக்காக. ஆகவே 'பட்டாம்பூச்சி'யை நாவல் என்று கொள்வதே மரியாதை. நாவலாக அது இன்றும் கீழே வைக்க விடாது.

1981 ஜூன் 19ஆம் தேதி நம் 'ஆப்பிள்' செயற்கைக்கோள் ஏரியான் ராக்கெட்டில் போன செய்தியை ரேடியோவில் கேட்டபோது, பெரியப்பா "எங்கிருந்து?" என்று இரண்டு தரம் கேட்டார். கூரூ. அதே கரை. ராக்கெட் போகும் வழிக்குக் கீழேதான் மீட்புத் தீவுகள் இருக்கின்றன. ஏவும் நாளில் அங்கிருப்பவர்களை வெளியேற்றிவிடுவார்களாம். "அப்பல்லாம் வெளியே வர விடமாட்டான்" என்றார் பெரியப்பா. கயேன் தெருவில் ஒட்டுத் துணியோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவனுக்குத் தினமும் சிகரெட் கொடுத்ததாகவும் சொன்னார். முகாம் மூடிய பிறகும் ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டவர்களில் ஒருவன். "போறதுக்கு அவனுக்கு யாரு இருக்கா?"

படத்தை இன்னொரு முறை பார்க்கிறவர்கள், மக்வீன் குதித்த பிறகும் கொஞ்சம் உட்கார்ந்திருங்கள். ஹாஃப்மன் குதிக்கவில்லை. பாறை மேல் நின்று, மூட்டை மிதந்து போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பித் தன் குடிசைப் பக்கம் நடப்பார்.