பனியை வென்ற பொறி



தை மாதப் பனியில் விடியற்காலை அடுப்பு மூட்டுகிறவர்களுக்கு இது தெரியும். தீப்பெட்டி நமுத்திருக்கும். நாலு குச்சி உரசினால் ஒன்று பற்றும். எவ்வளவு விறகு அடுக்கினாலும் முதல் பொறி விழாவிட்டால் தேத்தண்ணி இல்லை.

இது ஏன் நினைவுக்கு வந்தது என்றால், வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், நுவரெலியாவில் முந்தி யானை இருந்ததாமே, எங்கே போனது?" பதிலில் பாதி காப்பித் தோட்டத்துக்காக அழித்த காடு. மீதிப் பாதி ஒரு சின்னப் பொறியின் கதை.

மலைநாட்டில் துவக்கு புதிதல்ல. கண்டி இராச்சியத்தில் குகை மண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்து மருந்து செய்ததை ஜோன் டேவி 1821 இல் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் காலத் துவக்கு சிக்கிமுக்கிக் கல்லால் வேலை செய்வது. கல் இரும்பில் மோதிப் பறக்கும் பொறி, வெளியே சிறு கிண்ணத்தில் உள்ள மருந்தில் விழ வேண்டும். அது பற்றி, துளை வழியே குழலுக்குள் உள்ள மருந்தைக் கொளுத்தும். கிண்ணத்து மருந்து ஈரமானால் வேட்டு இல்லை. நமது மூடுபனியும் தூறலும் மிருகங்களுக்கு ஒரு வேலி மாதிரி இருந்தன.

அந்த வேலியை உடைத்தவர் ஒரு பாதிரியார். ஸ்கொட்லாந்தின் பெல்ஹெல்வி ஊரைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சித். கிண்ணத்து மருந்து பளிச்சிட்டதும் அவர் குறிவைத்த பறவைகள் பறந்துவிடும். அதற்கு வழி தேடியவர், அடித்தாலே வெடிக்கும் இரசாயனத்தைப் பயன்படுத்தி 1807 இல் காப்புரிமை பெற்றார். பின்னர் அந்த மருந்தைச் சிறு செப்புத் தொப்பிக்குள் அடைத்தார்கள். அதுதான் 'கேப்'. பிள்ளைகளின் விளையாட்டுத் துவக்கில் வெடிப்பதும் இதே முறைதான். மழையோ பனியோ, பொறி பெரும்பாலும் தவறாது. இன்றும் குளிர் நாடுகளில், மெதுவாக எரியும் மருந்துக்கு வலுவான கேப் தேவை என்று பேசுவது இதனால்தான். குளிரில் மருந்து பற்றச் சுணங்கும். முதல் பொறிதான் அதை எழுப்ப வேண்டும்.

கேப் துவக்கு பரவிய காலத்தில்தான் சாமுவேல் பேக்கர் 1848 இல் நுவரெலியாவில் குடியேறினார். 1855 வரை இருந்தார். அவருடைய ஒரு துவக்கு மட்டும் 21 இறாத்தல். அவர் வேட்டைக்குப் போகும்போது மேலதிகத் துவக்குகளைச் சுமந்தவர்கள் இந்த நாட்டு ஆட்கள். ஹோட்டன் சமவெளியில் நாம் சுற்றுலாவில் பார்க்கும் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு அவர் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயரில் எதுவும் இல்லை.

அவருக்கு முந்தியவர் மேஜர் தோமஸ் ரொஜர்ஸ். 1,400 யானைகளைக் கொன்றார் என்று சொல்லப்படுகிறது. அவர் அதிகாரியாக இருந்த சிலோன் ரைபிள் ரெஜிமெண்டின் சிப்பாய்களில் பெரும்பாலானோர் மலாய் முஸ்லிம்கள், நம் சொந்தங்களின் மூதாதையர். இந்த வரலாற்றை 'வெள்ளைக்காரன் செய்தது' என்று மட்டும் சொல்லி நாம் விலகிவிட முடியாது.

1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி ரொஜர்ஸ் இறந்தார். நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் கல்லறை இருக்கிறது. யானைகளைக் கொன்ற பாவம் என்று ஊரார் சொல்வார்கள். தீர்ப்பு இறைவனுடையது, நம்முடையது அல்ல. ஆனால் ஹோட்டன் சமவெளியில் இன்று யானை இல்லை என்பது நம் கண் முன்னே இருக்கும் கணக்கு.

யானைக் கதை முடிந்தாலும் துவக்கின் கதை முடியவில்லை. பன்றிக்கென்று கட்டும் கட்டுத்துவக்குக்குச் சிறுத்தையும் தெரியாது, விறகு பொறுக்கப் போகும் நம் தாய்மாரையும் தெரியாது. காட்டோரத்தில் அப்படி ஒன்றைக் கண்டால் பிள்ளைகள் தொடவேண்டாம். பெரியவர்களுக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளையின் கேள்வியை இன்னும் முப்பது வருடத்தில் வேறொரு பிள்ளை சிறுத்தையைப் பற்றிக் கேட்கக்கூடாது. அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.