டெல்டா சுகாதார மையமும் அதை உருவாக்கியவர்களும்

டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி அமெரிக்காவின் வடகிழக்கில், பாஸ்டன் நகரில் இருக்கிறது. 1967 நவம்பரில் அந்தப் பள்ளி தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில், மவுண்ட் பாயூ என்ற சிற்றூரில் ஒரு சுகாதார மையத்தைத் திறந்தது. சாலை வழியே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் ஓர் ஊரிலிருந்து மற்றதை அடைய முடியும். ஏழைக்கும் வசதி உள்ளவருக்கும், கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையே நோயிலும் ஆயுளிலும் ஏன் இவ்வளவு வேறுபாடு என்று ஆராயும் துறைகள் இன்று பல பல்கலைக்கழகங்களில் உண்டு. அந்த ஆராய்ச்சி மரபின் முக்கியமான வேர்களில் ஒன்று இந்தச் சிற்றூரில் ஊன்றியது. அதை ஊன்றியவர்களில் பேராசிரியர்கள் சிலர்தான். சமூகப் பணியாளர்களும், ஒரு கன்னியாஸ்திரியும், பருத்திக் காட்டில் வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுதவர்களின் பிள்ளைகளுமே அதில் அதிகம்.

மவுண்ட் பாயூ 1887இல் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள் காடு திருத்தி உண்டாக்கிய ஊர். ஐசாயா மான்ட்கோமரியும் அவருடைய உறவினர் பெஞ்சமின் கிரீனும் அதற்கு முன்னின்றார்கள். வெள்ளையர் ஆதிக்கம் நிறைந்த மிசிசிப்பி டெல்டாப் பகுதியில் கறுப்பினத்தவரே நிர்வகித்த ஊர் அது. 1942 முதல் டேபோரியன் என்ற சொந்த மருத்துவமனையும் அங்கே இருந்தது. ஆனால் ஊரைத் தாண்டியதும் நிலைமை வேறு. ஊரைச் சுற்றிய வடக்கு பொலிவார் கவுண்டியில் சுமார் 500 சதுர மைல் பரப்பில் 14,000 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் தோட்ட முதலாளிகளின் நிலத்தில், அவர்கள் கொடுத்த பலகைக் குடிசையில், கடனிலேயே காலம் தள்ளியவர்கள். 1960களில் பருத்தி பறிக்கும் இயந்திரமும் களைக்கொல்லியும் வந்து அவர்களின் கைவேலையைப் பறித்தன. 1967இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பண்ணை வேலைக்கும் நீட்டிக்கப்பட்டபோது முதலாளிகள் இன்னும் பலரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேலையும் வருமானமும் போன வீடுகளில் குழந்தைகள் பட்டினி கிடந்தன. குடிக்க வடிகால் வாய்க்கால் தண்ணீரை மொண்டு வந்த குடும்பங்களும் இருந்தன.

மவுண்ட் பாயூ மையத்தின் கருத்து பிறந்தது அமெரிக்காவில் அல்ல, தென்னாப்பிரிக்காவில். 1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதியர் நேட்டால் மாகாணத்தின் பொலேலாவில், ஜூலு மக்கள் வாழ்ந்த மலைப்பகுதியில், ஒரு சுகாதார மையம் தொடங்கினார்கள். முதல் நாளிலிருந்து அவர்களுடன் நின்றவர்கள் மருத்துவ உதவியாளர் எட்வர்ட் ஜாலியும், அவருடைய மனைவி செவிலி அமீலியா ஜாலியும். மையத்தின் வரலாற்றைச் சொல்லும் பலர் இந்த இருவரின் பெயரை விட்டுவிடுகிறார்கள். அது பெரிய குறை. வீடுவீடாகச் சென்று, அந்த மக்களின் மொழியிலேயே பேசி, யார் என்ன சாப்பிடுகிறார்கள், எந்த வீட்டில் எத்தனை குழந்தைகள் இறந்தன என்று கேட்டறியும் வேலை அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் நடந்திருக்காது. முதலில் நூற்றுச்சொச்சம் வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கெடுத்தார்கள். ஆண்டுதோறும் வட்டத்தை விரித்தார்கள். காய்கறித் தோட்டம் போடக் கற்றுக்கொடுத்தார்கள். பத்தாண்டுகளுக்குள் அங்கே சிசு மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது. நோயாளி தேடி வரும்வரை காத்திராமல், ஒரு வட்டாரத்தின் மக்கள் முழுவதையும் நோயாளியாகக் கருதும் முறை இது. நாடெங்கும் இத்தகைய மையங்கள் வேண்டும் என்று அரசின் க்ளக்மன் ஆணையம் பரிந்துரைத்தது. ஆனால் 1948இல் ஆட்சிக்கு வந்த நிறவெறி அரசு அவற்றை நசுக்கியது. 1950களின் இறுதியில் கார்க் தம்பதியர் நாட்டைவிட்டு வெளியேறி, அமெரிக்காவில் சிறிது காலம் இருந்துவிட்டு ஜெருசலேமில் தங்கினார்கள்.

அவர்கள் வெளியேறும் முன், 1957இல், பொலேலாவுக்கு ஓர் அமெரிக்க மாணவர் வந்தார். ஜாக் கைகர். 1925இல் நியூயார்க்கில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே வீட்டை விட்டு, ஹார்லெமில் கறுப்பின நடிகர் கனடா லீயின் வீட்டில் தங்கியவர். இரண்டாம் உலகப் போரில் வணிகக் கப்பலில் பணியாற்றினார். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அங்கிருந்த இனப் பாகுபாட்டை எதிர்த்து வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். அதனால் மருத்துவப் பள்ளிகள் பல ஆண்டுகள் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. பத்திரிகையாளராக இருந்துவிட்டு, முப்பதை நெருங்கும் வயதில்தான் மருத்துவம் படிக்கத் தொடங்கினார். பொலேலாவில் கழித்த சில மாதங்கள் அவர் பாதையை முடிவு செய்தன. 1964 கோடையில் மிசிசிப்பியில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகப் போராடியவர்களுக்கு மருத்துவ உதவி செய்யச் சென்ற குழுவில் அவரும் இருந்தார். தென்னாப்பிரிக்காவில் கண்ட அதே வறுமையும் அதே நோய்களும் தன் நாட்டிலேயே இருப்பதை அங்கே கண்டார்.

அந்த ஆண்டு டிசம்பரில், டெல்டாவின் கிரீன்வில் நகரில் நடந்த கூட்டத்தில், வடக்கிலுள்ள ஒரு மருத்துவப் பள்ளி தெற்கில் ஒரு மையத்தை நடத்தலாம் என்ற யோசனையைக் கைகர் முன்வைத்தார். டஃப்ட்ஸ் அதை ஏற்கும் என்று உறுதியளித்தவர் அங்கே தடுப்பு மருத்துவத் துறைத் தலைவராக இருந்த கவுண்ட் கிப்சன். பணம் அதிபர் ஜான்சன் அரசின் வறுமை ஒழிப்புத் திட்டத்திலிருந்து வர வேண்டியிருந்தது. அந்தத் திட்டத்தின் நிதியை மாநில ஆளுநர் தடுத்து நிறுத்தலாம் என்று சட்டம் இருந்தது. ஆனால் உயர்கல்வி நிறுவனத்துக்குத் தரப்படும் நிதியில் அந்த அதிகாரம் செல்லாது. பாஸ்டனிலிருந்து ஒரு மருத்துவப் பள்ளி மிசிசிப்பிக்கு வந்ததற்கு இந்தச் சட்ட நுணுக்கம் பெரிய காரணம். இரண்டு மையங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. முதலாவது பாஸ்டனிலேயே, கொலம்பியா பாயின்ட் என்ற குடியிருப்பில், 1965 டிசம்பரில் திறக்கப்பட்டது. 1966இல் அதைப் பார்வையிட்ட செனட்டர் எட்வர்ட் கென்னடி, நாடு முழுவதும் இத்தகைய மையங்களுக்கு நிதி ஒதுக்கப் பாடுபட்டார்.

மவுண்ட் பாயூ மையத்துக்கு உருவம் கொடுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஜான் ஹாட்சைத்தான் சொல்ல வேண்டும். தெற்கில் வளர்ந்த கறுப்பினத்தவர், சமூகப் பணியாளர். கட்டடம் எழும் முன்பே ஊர் ஊராக, தேவாலயம் தேவாலயமாகச் சென்று மக்களைக் கூட்டி, என்ன வேண்டும் என்று கேட்டார். மருத்துவர் வேண்டும் என்பது அவர்கள் முதலில் சொன்ன பதில் அல்ல. சோறு, வேலை, ஒழுகாத கூரை, நல்ல தண்ணீர் என்றார்கள். ஹாட்ச் அந்தப் பதிலை அப்படியே ஏற்றார். பத்து வட்டாரங்களில் சுகாதாரச் சங்கங்கள் உருவாயின. அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வடக்கு பொலிவார் கவுண்டி சுகாதார மன்றமாக அமைந்தார்கள். மவுண்ட் பாயூவின் வசதியுள்ள குடும்பங்கள் மையத்தின் நிர்வாகம் தங்கள் கைக்கு வரும் என்று எதிர்பார்த்திருந்தன. ஹாட்ச் வாரக்குடிகளின் பக்கம் நின்றதால் உரசல் எழுந்தது. வெள்ளையரின் எதிர்ப்பு எதிர்பார்த்ததுதான். கறுப்பினத்துக்குள்ளேயே இருந்த மேல், கீழ் வேறுபாட்டை எதிர்கொண்டதுதான் அவருக்குக் கடினமான வேலை.

மையம் திறந்ததும் பட்டினியால் மெலிந்த குழந்தைகள் வரிசையாக வந்தன. மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் பால், முட்டை, காய்கறி, இறைச்சி என்று எழுதினார்கள். பக்கத்துக் கறுப்பின மளிகைக் கடைகள் சீட்டைப் பார்த்துப் பொருளைக் கொடுத்து, செலவை மையத்தின் மருந்தகக் கணக்கில் எழுதின. புகார் வாஷிங்டன் வரை போனது. மருந்துக்கு ஒதுக்கிய பணத்தில் உணவு வாங்கலாமா என்று அதிகாரிகள் கேட்டார்கள். ஊட்டச்சத்துக் குறைவுக்கு மருத்துவ நூல்கள் கூறும் சிகிச்சை உணவுதான் என்று கைகர் பதில் சொன்னார். அதற்கு மறுமொழி இருக்கவில்லை.

சுற்றுச்சூழல் பணிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ ஜேம்ஸின் குழு கிணறு தோண்டியது, குழிக் கழிப்பறை கட்டியது, ஜன்னல்களுக்குப் பூச்சி புகாத வலை அடித்தது, இடிந்த குடிசைகளைச் செப்பனிட்டது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தையைக் குணமாக்கி அதே அசுத்தத் தண்ணீருக்குத் திருப்பி அனுப்புவதில் பயனில்லை என்பதால், இதெல்லாம் மருத்துவத்தின் பகுதியாகவே கருதப்பட்டது. கறுப்பின மகப்பேறு மருத்துவர் ஹெலன் பார்ன்ஸ் பிரசவப் பிரிவை நடத்தினார். இந்தியானா மாநிலத்திலிருந்து வந்த கன்னியாஸ்திரி மேரி ஸ்டெல்லா சிம்சன், மருத்துவச்சிப் பயிற்சி பெற்ற செவிலி. அவர் கர்ப்பிணிகளின் வீடுகளுக்கே போனார். தன் மடத்துச் சகோதரிகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாயின. அந்த வீடுகளில் அடுப்பு, படுக்கை, குழந்தைகளின் உடை எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள, புள்ளிவிவர அட்டவணைகளைவிட அக்கடிதங்களே நம்பகமான ஆவணம்.

உணவுச் சீட்டு நெடுநாள் தாங்காது என்று உணர்ந்து, 1968இல் மக்கள் கூட்டுறவுப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார்கள். ஆயிரத்தை ஒட்டிய குடும்பங்கள் அதில் சேர்ந்தன. பருத்தி மட்டுமே விளைந்த மண்ணில் கீரை, பீன்ஸ், காராமணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு விளைந்தன. கூலியின் ஒரு பகுதி பணமாகவும் மற்றது விளைச்சலாகவும் கிடைத்தது. அந்தப் பண்ணையை நடத்தியவர்களில் முதன்மையானவர் எல்.சி. டோர்சி. தோட்டக் குடிசையில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்த பெண். மையத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே நடந்த வகுப்புகளில் பள்ளித் தகுதி பெற்றார். பிறகு சமூகப் பணியில் முதுகலையும் முனைவர் பட்டமும் முடித்தார். 1988இல் டெல்டா சுகாதார மையத்தின் தலைமைப் பொறுப்புக்கே திரும்பி வந்தார்.

இப்படிப் படித்து உயர்ந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. மையம் மாலை வகுப்புகள் நடத்தி, கல்லூரிகளுக்கும் மருத்துவப் பள்ளிகளுக்கும் பிள்ளைகளை அனுப்பியது. முதல் பத்தாண்டில் அந்த வட்டாரத்திலிருந்து 7 மருத்துவர்கள் உருவானதாகக் கைகர் பிற்காலத்தில் பதிவு செய்தார். செவிலியர், சமூகப் பணியாளர், சுகாதார ஆய்வாளர் எனப் பலரும் அதே வழியில் வந்தார்கள்.

1970களின் தொடக்கத்தில் டஃப்ட்ஸ் விலகிக்கொண்டது, நிர்வாகம் உள்ளூர் மக்களிடம் போனது. ஹாட்ச் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, கறுப்பினத் தேவாலயங்கள் வழியே சாதாரண உறுப்பினர்களையே சுகாதார ஆலோசகர்களாகப் பயிற்றுவிக்கும் முறையை வளர்த்தார். பார்ன்ஸ் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் கற்பித்தார். நியூயார்க் நகரக் கல்லூரியில் சமூக மருத்துவம் கற்பித்த கைகர், அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2003இல் நூலாக வெளியிட்ட இன அடிப்படையிலான சிகிச்சை வேறுபாடுகள் பற்றிய அறிக்கைக்கு ஆதார ஆய்வு ஒன்றை எழுதினார். ஒரே நோய்க்கு, ஒரே காப்பீடு இருந்தும்கூட, கறுப்பின நோயாளிகளுக்குத் தரம் குறைந்த சிகிச்சை கிடைப்பதை அந்த அறிக்கை நிறுவியது. கைகர் 2020 டிசம்பரில் காலமானார்.

மவுண்ட் பாயூவில் மையம் இன்றும் இயங்குகிறது. அதைப் போன்ற சமூகச் சுகாதார மையங்கள் அமெரிக்காவில் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் உள்ளன. ஆண்டுக்கு மூன்று கோடிக்கு மேற்பட்ட மக்கள் அவற்றில் சிகிச்சை பெறுகிறார்கள். அரசு நிதி பெறும் இம்மையங்களின் நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 சதவீத உறுப்பினர்கள் அங்கேயே சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம்.