காயத்தின் சாட்சியம்

பல வருடங்களுக்கு முன்னர் எங்களூர்க் கிணறொன்றிலிருந்து ஒரு முதியவரின் ஜனாஸாவை எடுத்தார்கள். நெற்றியில் ஆழமான காயம். காணித் தகராறு காரணமாக அவரது தம்பியை ஊரே சந்தேகித்தது. நானும் சந்தேகித்தேன். அதேவேளை, வெட்டாமல் மையித்தைத் தாருங்கள் என்று கேட்கப் போனவர்களிலும் நான் ஒருவன். சட்ட வைத்திய அதிகாரி இணங்கவில்லை. பரிசோதனையின் பின், மரணம் நீரில் மூழ்கியதால் நேர்ந்தது, நெற்றிக் காயம் உயிர் போன பிறகு பட்டது என்றார். கயிறு கட்டித் தூக்குகையில் உடல் கிணற்றுக் கட்டில் மோதியிருந்தது.

அதை எப்படி அறிந்தார்? இந்தக் கேள்விதான் என்னை ஒரு பழைய சீன நூலிடம் கொண்டு சேர்த்தது.

தென் சோங் அரசின் நீதி அதிகாரி சோங் சி (1186-1249), 1247இல் 'சி யுவான் ஜி லூ' என்ற நூலை எழுதினார். அநீதியைக் கழுவுதல் பற்றிய தொகுப்பு என்பது பெயரின் பொருள். சட்ட மருத்துவத்தில் இன்று கிடைக்கும் மிகப் பழைய முழுநூலாக அதனைக் கருதுவர். உயிருள்ள உடலில் வெட்டு விழுந்தால் தோல் சுருங்கி, ஓரங்களில் இரத்தம் ஊறியிருக்கும். இறந்த உடலிலோ தசை வெளிறிக் கிடக்கும் என்கிறார் அவர். உயிரோடு எரிந்தவரின் வாயிலும் மூக்கிலும் சாம்பல் காணப்படும். கொன்றபின் எரிக்கப்பட்டவரிடம் அது இராது.

இதற்கும் முந்திய கதையொன்று சீனத்தில் வழங்குகிறது. கணவன் தீயில் மாண்டான் என்றாள் ஒருத்தி. வூ அரசின் நடுவர் ஜாங் ஜூ இரண்டு பன்றிகளை எடுத்து, ஒன்றைக் கொன்றும் மற்றதை உயிரோடும் எரிக்கச் செய்தார். உயிரோடு எரிந்ததன் வாயில் மாத்திரமே சாம்பல். கணவனின் வாயிலோ இல்லை. அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாளாம்.

காரணம் எளியது. இதயம் துடிக்கும்வரை இரத்தம் அழுத்தத்துடன் இழையங்களுக்குள் பாயும். மூச்சிருக்கும்வரை புகை உள்ளே போகும். இன்று நுணுக்குக்காட்டியில் காயத்தைச் சூழத் திரண்ட வெண்குருதிக் கலங்களைத் தேடுகிறார்கள். எரிந்தவரின் இரத்தத்தில் காபனோரொட்சைட்டை அளக்கிறார்கள். ஆயினும் மரணத்தை ஒட்டிய சில நிமிடங்களில் பட்ட காயத்தை, முந்தியதா பிந்தியதா என்று பிரித்தறிவது இன்றும் கடினமே.

ஜனாஸாத் தொழுகையில் அந்தத் தம்பியின் இரு பக்கமும் இடம் வெறுமையாகக் கிடந்தது. வைத்தியரின் வார்த்தையை ஊர் ஏற்கச் சில மாதங்கள் சென்றன. அன்று எங்கள் வேண்டுகோளுக்கு அவர் இணங்கியிருந்தால், அம்மனிதர் கபுறு வரைக்கும் கொலைகாரராகவே வாழ்ந்திருப்பார்.